லாரி நிஜ சைஸ்... ரோடு மட்டும் ஏன் இவ்ளோ சின்னது?

நாமக்கல்காரங்களுக்கு லாரி பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாடி கட்டுற பட்டறை சத்தத்துலயே வளர்ந்தவங்க நாங்க. எங்க அப்பா 28 வருஷம் லாரி ஓட்டினவர். போன ஞாயித்துக்கிழமை அவரை என் ஃப்ரெண்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ஸ்டியரிங் முன்னாடி உட்காரவெச்சு, தலையில வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிவிட்டேன்.

கேம், 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'. பிராக் நகரத்துல இருக்கிற எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்டது. நம்ம ஊர் மாதிரியே இடதுபக்கம் வண்டி போகிற பிரிட்டன் ரோட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

உட்கார்ந்த உடனே அப்பா கண்ணாடியைப் பார்க்கத் தலையைச் சாய்ச்சார். கையை நீட்டி, அங்கே இல்லாத கதவைத் தொடப் பார்த்தார். "சீட்டு நல்ல ஒசரம் கண்ணு. கீழ வர்ற காரு எம்புட்டுக்காணோ தெரியுது!"

போன்ல உள்ளங்கை அளவு தெரியுற லாரி, ஹெட்செட்ல மட்டும் எப்படி நிஜ சைஸுக்கு வருது?

பெரியவங்களுக்கு ரெண்டு கண்மணிக்கும் நடுவுல சராசரியா 63 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேற வேற காட்சியைப் பார்க்குது. அந்த வித்தியாசத்தையும் வெச்சுத்தான் மூளை தூரத்தையும் அளவையும் கணக்குப் போடுது. ஹெட்செட்டும் அதே மாதிரி ரெண்டு காட்சி காட்டுது. கேமுக்குள்ள அந்த இடைவெளியை ரெண்டு மடங்காக்கினா லாரி பாதி சைஸ் பொம்மையாத் தெரியும். பாதியாக்கினா பூதமா நிக்கும்.

உங்க ஹெட்செட்ல எல்லாமே பொம்மை மாதிரி தெரிஞ்சா, கண் இடைவெளி செட்டிங்கை முதல்ல பாருங்க. அப்புறம் சீட் உயரம்.

சரி, அப்பாகிட்ட வருவோம். லண்டன்ல கிளம்பினவர், கால் மணி நேரத்துல பர்மிங்காமை நெருங்கிட்டார். ஹெட்செட்டைக் கழட்டிட்டுக் கேட்டார்: "வண்டி சரியா இருக்குது. ரோடு எங்க கண்ணு?"

கரெக்டான கேள்வி! இந்த கேம்ல வண்டிதான் நிஜ அளவு. ஊருக்கு வெளியே ரோடு 19-ல் ஒரு பங்கு, பிரிட்டன்ல மட்டும் 15-ல் ஒரு பங்கு. நிஜத்துல சுமார் 190 கிலோமீட்டர் இருக்கிற லண்டன் - பர்மிங்காம், இங்கே சுமார் பதிமூணு கிலோமீட்டர் கணக்குதான். அத்தனை தூரத்தையும் அப்படியே வெச்சா யார் உட்கார்ந்து விளையாடுவாங்க?

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். நாமக்கல் - டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். மணிக்கு 60-ல் நிக்காம ஓட்டினாலே 40 மணி நேரம். கேம் கணக்குல ரெண்டே மணி நேரம்.

அப்பதான் உறைச்சுது. சின்ன வயசுல எனக்கும் டெல்லி அவ்ளோ தூரம்தான். அப்பா கிளம்புவார், ஒருநாள் திரும்பி வருவார். நடுவுல இருந்த ரோடு என் கணக்குல வந்ததே இல்லை.

"டெல்லி லோடுன்னா வழியில எங்கெல்லாம் தூங்குவீங்கப்பா?"ன்னு முதல் தடவையாக் கேட்டேன். பெங்களூரு தாண்டி, ஹைதராபாத் தாண்டி, நாக்பூர் வரைக்கும் வர்றதுக்குள்ள ராத்திரி பதினொண்ணு. அம்மா வந்து லைட்டை அணைச்சுட்டாங்க.

மீதி ரோடு, இந்த ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டுலயும் ஒரு டிரைவர் இருந்தா, நீங்களும் கேட்டுப் பாருங்களேன்!