அட்டையில் தனியாக நிற்கும் பெண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாவைப் புத்தகம் வாங்கினால், முதலில் அட்டையைப் பாருங்கள். சாய்ந்த கொண்டை. தோளில் மாலை. இடது கையில் கிளி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட, "இது ஆண்டாள்" என்று சொல்லிவிடுவார்.

அட்டையில் ஆண்டாள் பெரும்பாலும் தனியாக நிற்கிறாள். உள்ளே அப்படி இல்லை. மார்கழி விடியற்காலையில் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். தூங்குகிறவளைக் கேலி செய்து எழுப்புகிறார்கள். அந்தக் கூட்டம் அட்டைக்கு வருவதில்லை.

பக்திப் புத்தகத்தில் அது குறை அல்ல. பெண்கள் எழுதும் கதைப் புத்தகங்களிலும் இதே பழக்கம் இருக்கிறதே, அதுதான் கேள்வி.

பஸ் புறப்படும் முன்

"ராணி முத்து" மாத நாவல் 1969-ல் தொடங்கியது. பிறகு மாத நாவல்கள் பல வந்தன. பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. பஸ் புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும். புரட்டிப் பார்க்க நேரம் ஏது? முகம்தான் புத்தகத்தை விற்றது.

பெரிய கண்கள், நெற்றியில் பொட்டு, தலையில் பூ. ஓவியர் மாருதி இப்படிப்பட்ட முகங்களால் புகழ் பெற்றார். புதுக்கோட்டையில் பிறந்த அவர் 2023-ல் காலமானார். அவர் வரைந்த பெண், அடுத்த வீட்டுப் பெண் போல இருப்பாள். அந்தக் கைத்திறனைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

ஆனால், எல்லாக் கதைக்கும் ஒரே முகமா? கணவன் கைவிட்டவள் கதைக்கும் அதே முகம். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவள் கதைக்கும் அதே முகம்!

பக்கத்து ஊர் சிவகாசியில் அச்சுத் தொழில், தீப்பெட்டி லேபிளாலும் பட்டாசு லேபிளாலும் வளர்ந்தது. தூரத்தில் போகிறவரை இழுப்பது லேபிளின் வேலை. தீப்பெட்டிக்கு அது போதும். உள்ளே இருப்பது குச்சிதானே!

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1990-களுக்குப் பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் நாவல் என்றாலே ரோஜா நிற அட்டை, குதி உயர்ந்த செருப்பு என்று ஆயிற்று.

கருக்கு என்றால்...

ராஜம் கிருஷ்ணன் 1979-ல் "கரிப்பு மணிகள்" எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் கதை. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றி "கூட்டுக் குஞ்சுகள்" எழுதினார். இதற்குப் பூ வைத்த முகம் எதற்கு? மருந்து ஒட்டிய சின்ன விரல்கள் போதும்.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதிகத் தொலைவில் இல்லை. பாமா அந்த ஊர்க்காரர். 1992-ல் "கருக்கு" எழுதினார். அது தன்வரலாறு. கருக்கு என்பது பனை மட்டையின் இரு ஓரத்திலும் உள்ள ரம்பப் பல். கை வைத்தால் கிழிக்கும். பனை ஏறும் ஊரில் இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒரு மட்டையை வரைந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

1994-ல் வந்த அவருடைய "சங்கதி"யில் ஒரே ஒரு கதாநாயகி இல்லை. பாட்டி பேசுகிறாள், பேத்தி பேசுகிறாள், தெருவே பேசுகிறது. வயலில் உழைத்தவர்கள்; அடி வாங்கியவர்கள்; திருப்பிக் கேட்டவர்கள். இவர்களில் யாரை மட்டும் தனியாக அட்டையில் நிறுத்துவது?

ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன. பக்கத்தில் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். ஆலை வேலை முடிந்து வரும் பெண் புத்தகக் கடையில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைப் பற்றிய கதையே அங்கே இருக்கலாம். ஆனால் அட்டையில் இருப்பவள் சிங்காரித்த சீமாட்டி. "இது நமக்கு இல்லை" என்று அவள் நகர்ந்துவிடுவாள். எழுதியவருக்கும் நஷ்டம், அவளுக்கும் நஷ்டம்.

பதிப்பகத்தார் ஓவியரிடம் தலைப்பை மட்டும் கொடுக்க வேண்டாம். கதையையும் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். ஒரு முகத்தை நாலு வர்ணத்தில் அச்சிட ஆகும் செலவுதான், திண்ணையில் உட்கார்ந்து பேசும் பத்துப் பெண்களை அச்சிடவும் ஆகும்.