பால்மரப் பட்டையில் ஓர் இணைகரம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில், வளைவு வருகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை ஒரு முனையைக் கீழே ஊன்றி நிற்கும். அது என்ன வடிவம் என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் 'சாய்சதுரம்' என்று பதில் வரும். அதே பலகையைக் கழற்றி மேசையில் நேராக வைத்தால் 'சதுரம்' என்று மாறிவிடும். பலகை மாறவில்லை.

பாதிக் குழப்பம் பெயரில் இருக்கிறது. சாய்சதுரம் என்றதும் சாய்த்து வைத்த சதுரம் என்றே மனம் நினைக்கிறது. நான்கு பக்கமும் சமமாக இருந்தால் அது சாய்சதுரம். கோணங்களும் செங்கோணமாக அமைந்தால் சதுரம். ஆகவே எல்லாச் சதுரமும் சாய்சதுரமே. பிள்ளையின் முதல் பதில் சரிதான், அதற்கு நினைத்த காரணம்தான் தவறு. படத்தைக் காட்டிப் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கும்வரை இந்தத் தவறு தொடரும்.

சோதித்துப் பார்க்கப் பேராக்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அதை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் சமபக்க முக்கோணமாக நடுவார்கள். அடுத்தடுத்த நான்கு மரங்களைக் கயிற்றால் இணைத்தால் நான்கு பக்கமும் 9 மீட்டர். சதுரமா? மூலைவிட்டங்களை அளந்தால் ஒன்று 9 மீட்டர், மற்றது ஏறக்குறைய 15.6. சதுரமாக இருந்தால் இரண்டும் சமமாக வந்திருக்கும். இந்த நடவால் லாபமும் உண்டு: சதுரமாக நட்டால் ஹெக்டருக்கு 123 மரம்தான், இப்படி நட்டால் 142.

இதைவிட அழகான பாடம் பால்மரத்தில் இருக்கிறது. பட்டையில் செங்குத்தாக இரண்டு கோடுகள் கிழித்து, அவற்றுக்கு நடுவே மரத்தின் பாதிச் சுற்றுக்கு, இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுப் போடுவார்கள். ஒட்டுக்கன்று மரத்தில் அதன் சாய்வு 30 பாகை. சாய்வு குறைந்தால் பால் மங்குக்கு வராமல் பட்டையில் வழிந்து வீணாகும். ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டுக்கு இணையாக, மெல்லிய சீவலாகக் கீழே இறங்கும். அப்படிச் சீவித் தீர்ந்த பகுதியை விரித்துப் பார்த்தால் அது அச்சு அசலான இணைகரம்: எதிர்ப்பக்கங்கள் இணை, சமம், கோணங்கள் 60, 120 பாகை. விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு போன நம் பாட்டிமார் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் இணைகோடு போட்டார்கள். அந்தத் திறமைக்குக் கணக்கு வகுப்பில் ஓர் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பால்வெட்டு தொடங்கும் வழக்கமான பருமன் அது. பாதிச் சுற்று 25. செங்குத்தாக 20 சென்டிமீட்டர் பட்டை தீர்ந்திருந்தால் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர். வெட்டின் நீளம் சுமார் 29 என்பதால் அதை 20ஆல் பெருக்கி 580 என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அடுத்தடுத்த இரு பக்கங்களைப் பெருக்குவது செவ்வகத்துக்குத்தான் பொருந்தும். இணைகரத்துக்கு வேண்டியது ஒரு பக்கமும், அதற்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரமும்.

இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் நடக்கும் கணக்கு வகுப்பில் இணைகரம் 'செகி எம்பாட் செலாரி' ஆகும், பட்டம் 'லெலாயாங்' ஆகும். 'செலாரி' என்றால் இணை. பண்பைத் தெரிந்துகொண்டு போகும் பிள்ளைக்கு அது பழகிய பொருளுக்கு இன்னொரு பெயர். படத்தை மட்டும் பார்த்துப் போன பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பால் வெட்டத் தெரிந்த தாத்தா பாட்டி இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பள்ளிகள் அவர்களை ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம். மைலோ டின்னில் காகிதத்தைச் சுற்றிக் கொடுத்து, மரத்தில் போடுவதுபோலவே வெட்டுக் கோடுகளைப் போடச் சொல்லலாம். காகிதத்தை விரித்ததும், எந்தக் கோடு எதற்கு இணை என்று பிள்ளைகளே அளந்து சொல்லட்டும்.