கூரை ஒழுகவில்லை, பெட்டி வியர்த்தது



மூன்று மாதமாக ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே அறைக்கு ஓர் ஏசி கிடையாது. வீட்டுக்கே ஒரு இயந்திரம். கோடையில் குளிர்காற்றும் குளிர்காலத்தில் சூடான காற்றும் பரணில் ஓடும் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் வருகின்றன. குழாய் முடியும் இடத்தில் சீலிங்குக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதன் வாயை மூடியிருக்கும் கிரில் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும்.

பேரன் அறையில் அந்தக் கிரில்லைச் சுற்றிப் பழுப்புக் கறை. மாப்பிள்ளை இரண்டு முறை பெயின்ட் அடித்தும் திரும்ப வந்தது. "கூரை ஒழுகுது மாப்பிள்ளை" என்று நானும் அடித்துச் சொன்னேன். கூரை வேலைக்காரர் பரணில் ஏறிப் பார்த்தார். கூரையில் குறையே இல்லை, பெட்டிதான் நனைந்திருக்கிறது என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் ஐஸ் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்து, "வெளியே தண்ணீர் எப்படி வந்தது?" என்று கேட்பேனே, நினைவிருக்கிறதா? "டம்ளர் ஓட்டை சார்" என்று சிலர் சொல்வீர்கள். நான் இப்போது சொன்னதும் அதே பதில்தான்!

கோடையில் இங்கே பரண் 50 டிகிரியைத் தாண்டும். காற்றில் கடலோர ஈரம் வேறு. பெட்டிக்குள்ளோ சுமார் 13 டிகிரிக் குளிர்காற்று. குழாய்க்குக் கண்ணாடி நார் சுற்றியவர்கள் பெட்டியை வெறும் தகரமாக விட்டுவிட்டார்கள். வியர்க்காமல் என்ன செய்யும்?

"ஏசி என்றால் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும்" என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்சுலேஷன் ஒட்டிய பெட்டிகளே கடையில் கிடைக்கின்றன. ஆர்-6, ஆர்-8 என்று போட்டிருக்கும். எண் கூடக்கூட வெப்பம் கடப்பது குறையும். பெட்டிக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கையும் அடைக்க வேண்டும். குழாய் இணைப்புகளுக்கு மாஸ்டிக் பசை பூச வேண்டும். சாதாரண டக்ட் டேப் சூட்டில் விட்டுவிடும் என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-லேயே சோதித்துச் சொல்லிவிட்டது. சாதாரண வீடுகளில் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவில் வீணாகிறது என்கிறது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம்.

வீடு வாங்கும்போது ஏசி எத்தனை டன் என்று கேட்கிறோம். பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கண்ணில் படாத இடம் என்பதால் வேலை செய்பவரும் விட்டுவிடுகிறார். அமெரிக்காவில் வீடு கட்டும் பிள்ளைகளே, சீலிங் பலகை அடிப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். ஊரில் இருப்பவர்களும் ஸ்பிளிட் ஏசியின் செம்புக் குழாய் மேல் உள்ள கறுப்பு நுரை உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இதே கதைதான்.

சுவரிலோ சீலிங்கிலோ கறை தெரிந்தால், பெயின்ட் வாங்கப் புறப்படும் முன் அந்த டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள்.