அலமாரிச் சாவியைக் கேளுங்கள்

புதுவைக் கல்லூரிகளில் பயிலும் நம் தம்பிகள் மேடையில் முழங்கக் கற்றுக்கொண்டார்கள். ஆவணம் தேடக் கற்றார்களா? 1954 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. அக்காலப் பத்திரங்கள் பல பிரெஞ்சு மொழியில் உள்ளன. வக்ஃபு நிலத்துக்கு வழக்கென்றால் அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிறோம். (மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படிப்பவர்கள் மட்டும் ஏராளம்!)

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஒரு ஹதீஸை ஏற்குமுன், யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் துருவி ஆராய்ந்தார்கள். ஆய்வு நமக்கு அந்நியமா?

2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசுக் கோப்பின் நகலைக் கேட்கலாம். கிடைத்ததைத் தேதி வாரியாக அடுக்கி, பட்டியல் எழுதி, ஜமாஅத்தில் ஒப்படையுங்கள். மஹல்லாவுக்கு இருவர், ஒரு கோடை விடுமுறை. முதல் வேலை, வருகிற ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியிடம் பழைய அலமாரியின் சாவியைக் கேட்பது.