சுபாவம் என்று சொல்லிவிட்டால் போதுமா?

சென்ற தவணையில் எமது தமிழ் மன்றத்தில் ஒரு விவாதம் நடந்தது. "மனித சுபாவம் மாறாதது, மனிதனால் தனித்து மகிழ்ந்திருக்க முடியாது" என்பது தலைப்பு. நான் அதை ஆதரித்துப் பேசினேன். எங்கள் அணியே வென்றது. ஆனால், அன்று நான் சொன்னவற்றுள் பாதியை இன்று நானே ஏற்றுக்கொள்ள மாட்டேன். எதிரணிச் சகோதரிகள் இதை வாசித்துச் சிரிக்கலாம். சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அன்று பலத்த கைதட்டல் பெற்ற உதாரணம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். "எங்கள் ஊவாவின் தோட்டங்களைப் பாருங்கள். லயத்து மக்களுக்குக் கூடி வாழ்வதே சுபாவம். அதனால்தான் மீரியபெத்தையில் மண் சரியும் என்று எச்சரித்த பிறகும் அவர்கள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை" என்றேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே அந்த மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அந்தத் துயரத்தை நான் ஒரு புள்ளிக்காகப் பயன்படுத்தினேன். கைதட்டியவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகுதான் யோசித்தேன். 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது உண்மை. ஆனால், "எழும்பிப் போங்கள்" என்று சொல்வது எளிது. எங்கே போவது? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு துண்டுக் காணி கூடத் தன் பெயரில் இல்லாதவனைப் பார்த்து, "இடம்பெயர மனமில்லாதவன், அவன் சுபாவம் அப்படி" என்று சொல்வது என்ன நியாயம்? தப்பியவர்களுள் பலர் இரண்டு வருடம் போல ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் காத்திருந்தார்கள். 2016இல் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. வீடு கிடைத்ததும் போய்க் குடியேறினார்கள். அசைய மாட்டாத சுபாவம் அப்போது எங்கே போயிற்று?

சுபாவம் என்ற சொல்லை இந்த மலைநாட்டில் மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் துரைமார்தாம். தோட்டத் தொழிலாளி அடங்கி நடப்பவன், சொன்னதைச் செய்பவன் என்று அவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிரட்டுக்களத்தில் அப்படித்தான் தெரிந்திருக்கும். 1940இல் பதுளைக்குப் பக்கத்திலே வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வந்தது. தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கேட்டு நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. பின்னர் பெரும் பொலிஸ் படை வந்து அந்தப் போராட்டத்தை உடைத்தது. உடைந்தது வேறு விடயம். நேற்றுவரை குனிந்து நின்றவர்கள் ஒரு மாதத்துக்குள் நிமிர்ந்தார்கள் அல்லவா? அவர்களின் இரத்தம் மாறவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் ஆள் நிற்கிறான் என்ற செய்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இனித் தலைப்பின் இரண்டாவது பாதி. தனித்து மகிழ முடியுமா? இதற்கு எனக்குப் புத்தகத்தை விட என் உம்மம்மாதான் பெரிய சோதனை.

பசறைப் பாதையில் ஒரு சின்னக் கடைத்தெருவில் எங்கள் வாப்பப்பா கடை வைத்திருந்தார். நாலு வருடத்துக்கு முன் அவர் மௌத்தானார். கடையை மூடிவிட்டோம். பின்பக்கத்து வீட்டில் உம்மம்மா தனியே இருக்கிறார். (உம்மாவின் வாப்பாவை நான் வாப்பப்பா என்பதைக் கேட்டு விடுதித் தோழிகள் திருத்துவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.) மாமாமார் இருவரும் பதுளையில் இருக்கிறார்கள். "வயசு போன மனுசிக்குத் தனிய ஈக்க ஏலாது, வீட்டை வித்துட்டு வாங்கொ" என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்வார்கள். "எனக்கென்ன கொற? நான் நல்லாத்தானே ஈக்கிறேன்" என்பதே உம்மம்மாவின் பதில். பதுளைக்கு வந்தால் மூன்றாம் நாள் முகம் வாடிவிடும். திரும்பிப் போய் அடுப்பை மூட்டியதும் மலர்ந்துவிடும்.

அவர் தனித்திருந்து மகிழ்கிறார் என்றே நானும் நினைத்தேன். சென்ற நோன்பு விடுமுறையில் பத்து நாள் அவரோடு தங்கிய பிறகுதான் வேறொன்று தெரிந்தது. காலையில் மேட்டு லயத்தின் தொங்கல் காம்பராவிலிருந்து ஓர் அக்கா வேலைக்கு இறங்கும்போது வாசலில் நின்று, "பாய் வீட்டு ஆச்சி, எழும்பிட்டீங்களா?" என்று குரல் கொடுப்பார். பீலிக்கு வரும் பிள்ளைகள் ஒரு கேத்தல் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். பின்னேரம் யாராவது ஒருத்தி இலைக்கட்டு வெற்றிலையோடு திண்ணையில் வந்து உட்காருவாள். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கூட வராது. மீதி நேரமெல்லாம் உம்மம்மாவும் அவரது தஸ்பீஹும்தான்.

போன வருடம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழும்ப முடியவில்லை. எட்டு மணியாகியும் கூரையில் புகை வரவில்லை என்று கண்டு ஓடி வந்தவர் அந்த அக்காதான். மாமாமாருக்குச் செய்தி போகுமுன் லயத்து ஆட்கள் அவரைத் தூக்கி வேனில் ஏற்றிவிட்டார்கள். இந்தச் சம்பவத்தைக் காட்டி மாமாமார், "பாத்தீங்களா, தனிய ஈந்ததால வந்த வினை" என்கிறார்கள். எனக்கோ, அவர் தனியே இருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகத் தெரிகிறது.

இப்னு துபைல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய 'ஹை இப்னு யக்ழான்' கதையை எங்களில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஆளில்லாத தீவில் ஒரு குழந்தை தனியே வளர்ந்து, தன் அறிவாலேயே இறைவனை அறிகிறது. தனிமைக்கு இதைவிடப் பெரிய வக்காலத்து இல்லை. விவாதத்தில் எதிரணி இதைத்தான் எடுத்துக் காட்டியது. ஆனால், அந்தக் குழந்தையைப் பாலூட்டி வளர்த்தது ஒரு மான். அது இறந்தபோது அவன் அழுது, அதன் நெஞ்சைத் திறந்து, போன உயிரைத் தேடுகிறான். அவனது தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடைசியில் மனிதர் வாழும் தீவுக்குப் போய், அவர்களோடு ஒத்துவராமல் திரும்புகிறான். அப்போதும் தனியே திரும்பவில்லை, அப்ஸால் என்ற நண்பன் கூட வருகிறான். தனிமையைப் புகழ எழுதிய கதையிலேயே ஒரு மானும் ஒரு நண்பனும் தேவைப்பட்டிருக்கிறார்கள்!

எங்கள் அணி இப்னு கல்தூனை எடுத்தது. 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், ஒருவனின் ஒரு நாள் உணவுக்கே அரைப்பவன், சுடுபவன், கொல்லன், தச்சன் எல்லாரும் வேண்டும் என்று அவர் விளக்குகிறார். நான் அதைச் சொல்லிப் புள்ளி வாங்கினேன். அதே நூலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: மனிதன் தன் இயல்பின் பிள்ளையல்லன், பழக்கத்தின் பிள்ளை. அதை நான் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் எங்கள் தலைப்பின் முதற் பாதி விழுந்திருக்கும்.

பழக்கம் என்பது எவ்வளவு பலமானது என்பதை இப்போது தோட்டங்களிலேயே பார்க்கலாம். தனிக் காணியில் தனி வீடுகள் வருகின்றன. வரத்தான் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்புவதை 'கூட்டு வாழ்வு' என்று புகழ்கிறவர்கள் ஓர் இரவு அங்கே தூங்கிப் பார்க்கட்டும். வயது வந்த பெண் பிள்ளை உடை மாற்ற ஒரு மறைவு இல்லாத இடம் அது. ஆனாலும் புது வீட்டுக்குப் போன ஒரு மாமி உம்மம்மாவிடம் வந்து, "வீடு நல்லாத்தான் இருக்கு ஆச்சி, சண்டை போடத்தான் ஆள் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இஸ்தோப்பில் நின்று பேசிய பேச்சு போய்விட்டது. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிவதில்லை. அதே மாமியின் மகளோ, தனக்கென்று ஒரு கதவு கிடைத்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாதாரண தரத்துக்குப் படித்தாளாம். ஒரே வீடு, தாய்க்குத் தனிமை, மகளுக்கு விடுதலை. இதில் எது மனித சுபாவம் என்று நடுவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்து இதுதான். தனிமை யாரால் வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். உம்மம்மா தன் தனிமையைத் தானே தெரிந்துகொண்டார், வேண்டும்போது கதவைத் திறக்கிறார். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்கில் யாரோ வீட்டுச் சமையலறையில் நிற்கும் எங்கள் மாவட்டத்துத் தாய்மாரின் தனிமை அவர்கள் தெரிந்துகொண்டதல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விவாதம் செய்தோம்.

வருகிற மாதம் வீட்டை விற்பது பற்றி மாமாமார் கூடிப் பேசப் போகிறார்கள். பெண் பிள்ளைகளிடம் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இருந்தும் பெரிய மாமாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: வீட்டை விற்க வேண்டாம், குளியலறைக்கு ஒரு கைப்பிடி பூட்டிக் கொடுங்கள், அந்த அக்காவின் நம்பரை உங்கள் போனில் போட்டு வையுங்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளட பேர் என்ன?" என்று கேட்டார். நான்கு வருடமாக உம்மம்மாவின் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பெயர் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.