தேய்மானம் என்றொரு சாக்கு

கடற்கரைச் சாலைக்குக் காலை நடைக்கு வரும் நம் வயதுக்காரர்களில் பலர் பின்மண்டையைத் தேய்த்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். விசாரித்தால் ஒரே பதில்: "கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு சார், அதான் தலைவலி. இனிமே மாத்திரைதான்." எக்ஸ்ரே படத்தை வீட்டுப் பட்டா போலப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. 35 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். நாற்காலிக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கும் தேய்மானம் எழுதி ஏலத்துக்கு அனுப்புவோம். மனிதக் கழுத்துக்கும் அப்படியே எழுதிவிட்டால் எப்படி? 60 தாண்டியவர்களின் கழுத்தைப் படமெடுத்தால் பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவருக்கும் தெரியும். அது நரை மாதிரி. நரையினால்தான் தலைவலி என்று யாராவது சொன்னால் சிரிக்கமாட்டோமா?

கழுத்துக்கும் நெற்றிக்கும் என்ன உறவு? கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்ச்சி நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. இரண்டு தெருக் கடிதங்கள் ஒரே பையில் விழுந்து மாறிப்போவது போல, கழுத்தில் கிளம்பிய வலி கண்ணுக்குப் பின்னால் வலிப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் ஒரே பக்கம். கழுத்தைத் திருப்பினால் கூடும். பின்மண்டையில் ஏறும் பெரிய நரம்புக்கு, நான் படித்த பிரெஞ்சில் அர்னோல்ட் நரம்பு என்று பெயர். "இன்னைக்கு அர்னோல்ட் படுத்துறான்" என்பார் எங்கள் தெரு சொல்தா ஒருவர், வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளையைச் சொல்வது போல.

மருந்துக் கடையில் சீட்டே கேட்காமல் அட்டை அட்டையாகத் தருகிறார்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். கலப்பு மாத்திரை என்றால் 10 நாளே போதும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் டைக்ளோபினாக்கையும் தினம் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று கடைக்காரர் சொல்லப்போவதில்லை. இன்னும் சிலர் முடிவெட்டும் கடையில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அந்தக் கழுத்தெலும்புக்குள்தான் ஓடுகிறது. அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

பிறகு என்னதான் வழி? தசைக்கு வேலை கொடுப்பதுதான். ஆஸ்திரேலியாவில் இத்தகைய தலைவலிக்காரர்கள் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஆறு வாரம் கழுத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. பயிற்சி ஒன்றும் பிரமாதமில்லை. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்பது போல முகவாயை மெல்லத் தாழ்த்தி 10 விநாடி நிறுத்த வேண்டும். இப்படி 10 முறை. அதிகாரிகளுக்கு ஆயுள் முழுக்க ஆட்டிய தலைதானே, நமக்குப் புதிதா என்ன! ஆனால் முதலில் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நான் தினமும் செய்கிறேன். தலைவலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மாதத்தில் இரண்டு நாள் வரும், வெந்நீர் ஒத்தடத்தோடு போய்விடும்.

இதை ஏன் யாரும் நமக்குச் சொல்வதில்லை? மாத்திரை எழுத இரண்டு நிமிடம் போதும். பயிற்சி சொல்லித்தர அரை மணி வேண்டும். கிழவனுக்கு எதற்கு அரை மணி என்ற நினைப்புதான், வேறென்ன? வயதானவர்கள் என்றால் அவ்வளவு இளப்பமா? அடுத்த முறை 'தேய்மானம்' என்றால், "சரி டாக்டர், பயிற்சி எங்கே சொல்லித்தருவார்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல், கைகால் மரத்துப்போதல், இடிபோல் திடீரென்று வரும் வலி, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.