ராக்கல்தாஸ் பானர்ஜிக்கு ஒரு முன்னுரை போதுமா?

மொகஞ்சதாரோவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு அணிகள் கிளம்பிவிடுகின்றன. ஜான் மார்ஷல் என்பது ஓரணி. இல்லை, ராக்கல்தாஸ் பானர்ஜியிடமிருந்து வெள்ளைக்காரர் திருடிக்கொண்டார் என்பது மற்றோரணி. இரண்டாம் அணியின் கோபம் எனக்குப் புரிகிறது, வாதம் புரியவில்லை. மார்ஷல் அந்தப் பெயரை மறைக்கவில்லை. 1931இல் மூன்று தொகுதிகளாக வந்த பெருநூலின் முன்னுரையில், அவ்விடத்தின் தொன்மையை உணர்ந்த பெருமை பானர்ஜிக்கே உரியது என்று எழுதியிருக்கிறார். 1921இல் ஹரப்பாவைத் தோண்டிய தயாராம் சாஹ்னியை வசதியாக மறப்பவர்கள் திருட்டுக் கதை சொல்பவர்கள்தாம். ஏறத்தாழ 600 கி.மீ. விலகிக் கிடந்த இரு மேடுகளின் பொருட்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு, 1924 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தது மார்ஷலின் பணி. அதை ஏன் பறிக்க வேண்டும்?

ஆனால் முதல் அணியினர் இத்தோடு கணக்கை முடித்துவிடப் பார்ப்பதுதான் அநியாயம். முன்னுரையில் சொல்லியாயிற்றே, இன்னும் என்ன என்கிறார்கள். இன்னும் அறிக்கை இருக்கிறது ஐயா! அகழாய்வு மறுபடி செய்து பார்க்கக்கூடிய சோதனை அன்று. அள்ளிய மண் மீண்டும் அடுக்கில் போய் அமராது. எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதனருகில் கிடந்தது என்பது தோண்டியவரின் குறிப்பில் மட்டுமே மிஞ்சும். 1922-23இல் பௌத்தத் தூபியைத் தோண்டப்போய், அதனினும் மிகப் பழையதொரு நகரம் அங்கே புதைந்திருப்பதை உணர்ந்தவர், கண்டதைத் தம் சொற்களில் எழுதியும் வைத்தார். துறை அதை அச்சிடவில்லை.

எழுதத் தெரியாதவரா என்றால், வங்க எழுத்தின் தோற்றம் பற்றி 1919இல் நூல் எழுதியவர். ‘சசாங்கன்’, ‘தர்மபாலன்’ என்று வரலாற்று நாவல்களும் படைத்தவர். (நம் சரித்திர நாவலாசிரியர்களில் மண்வெட்டி பிடித்தவர் எத்தனை பேர் என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை.)

1926இல் பானர்ஜி துறையை விட்டு விலகினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1930இல், 45 வயதில் மறைந்தார். முன்னுரையின் பாராட்டு அச்சேறியபோது பாராட்டப்பட்டவர் உயிரோடில்லை. அறிக்கையோ மேலும் அரை நூற்றாண்டு காத்திருந்து 1984இல்தான் வாரணாசியில் நூலாயிற்று. ‘மறக்கப்பட்ட அறிக்கை’ என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு வந்தது.

கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளுங்கள். 1931இன் முன்னுரையைக் காட்டி வாயடைக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அந்த 1984 நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தீர்களா?